கெ... கா... க்கு

2022இல் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் சேர்ந்தேன். ஊரில் இன்னும் டீச்சர் டிரெயினிங் என்றுதான் சொல்வார்கள். இரண்டு வருடம். முதல் வருடத்தில் பெரும்பகுதி குழந்தை உளவியல், உளவியலாளர் பியாஜேயின் கோட்பாடு, பாடக்குறிப்பு எழுதும் முறை என்று போனது. தமிழ் கற்பித்தல் தாளில் கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் ஆகிய நான்கு திறன்களையும் விளக்கி எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். ஒரு குழந்தை எழுத்துக் கூட்டித் திணறும்போது எங்கே திணறுகிறது என்று பார்க்க ஒரு வகுப்புகூட இல்லை. மாதிரி வகுப்பு எடுத்தபோது எதிரே பிள்ளைகளாக உட்கார்ந்திருந்தது கூடப் படித்த தோழிகள். அவர்களுக்குத்தான் வாசிக்கத் தெரியுமே.

அப்புறம் கற்பித்தல் பயிற்சிக்கு ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளி. ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் அடிப்படையிலிருந்து கற்றுத்தரும் தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில்தான் தொடங்கியிருந்தது. கொரோனாவால் ஒன்றரை வருடத்துக்கும் மேல் வகுப்பறையையே பார்க்காத பிள்ளைகள் மூன்றாம் வகுப்பில் இருந்தார்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலை பார்த்துப் பிரித்ததில் தொடக்க நிலையான அரும்புக் குழு என்னிடம் வந்தது.

அதில் ஒரு மூன்றாம் வகுப்புப் பையன். பாட்டுப் பாடத்தைக் கடகடவென்று சொல்வான். விரல் வைத்துப் படிக்கச் சொன்னால் வாய் மூன்றாம் வரியில் இருக்கும், விரல் முதல் வரியிலேயே நிற்கும். சரி, தனியாக ஒரு சொல்லைப் படிக்கட்டும் என்று பலகையில் 'கொக்கு' எழுதினேன்.

"கெ... கா... க்கு."

"இல்லப்பா, கொக்கு" என்றேன். மறுநாளும் "கெ... கா..." மூன்றாம் நாள் குரலை உயர்த்திவிட்டேன். அவன் கண் கலங்கியது. இன்னும் அது உறுத்துகிறது.

தலைமையாசிரியை பார்த்துக்கொண்டிருந்தார். "அவன் சரியாத்தாம்மா படிக்கிறான். நீ எழுதினதைப் பாரு" என்றார்.

பார்த்தேன். முதலில் ஒற்றைக்கொம்பு, நடுவில் க, பிறகு துணைக்கால். கொம்பும் க-வும் சேர்ந்தால் 'கெ'. க-வும் காலும் சேர்ந்தால் 'கா'. இடமிருந்து வலமாகக் கண்ணில் பட்டதை ஒன்று விடாமல் படித்திருக்கிறான். முன்னும் பின்னும் நிற்கும் இரண்டு குறிகளும் சேர்ந்து ஒரே ஒலி என்பதை யாரும் அவனுக்குக் காட்டவில்லை. எனக்கும் யாரும் காட்டவில்லை.

தலைமையாசிரியை பழைய காலண்டர் அட்டையில் கொம்பையும் காலையும் தனித்தனியாக வெட்டிக் கொடுத்தார். க-வுக்கு முன்னால் கொம்பை வைத்து 'கெ' சொல்ல வைத்தேன். காலைப் பின்னால் மெதுவாக நகர்த்திக்கொண்டே 'கொ'. பிறகு மொ, பொ, தொ. நாலைந்து நாளில் அவனே நகர்த்த ஆரம்பித்தான்.

அன்றிலிருந்து பிள்ளைகள் தப்பாகப் படித்ததைத் திருத்தும் முன் அப்படியே ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். 'அம்மா'வை 'அ, இம், மா' என்று ஒரு பெண் படித்தாள். மெய்யெழுத்தை 'இம்' என்று சொல்லிக்கொடுத்தது நாங்கள்தானே! உதட்டை மூடி 'ம்ம்' என்று ஒலிக்க மட்டும் பழக்கியதும் சொல் சேர்ந்துகொண்டது. கல்லூரியில் எழுதிய அத்தனை பாடக்குறிப்புகளையும்விட இந்த நோட்டு எனக்கு உதவியது. பயிற்சிக்குப் போகிறவர்கள் முதல் வாரமே ஒரு நோட்டு போடுங்கள். ஒரே ஒரு பிள்ளையோடு தினமும் பத்து நிமிடம் உட்கார அனுமதி கேளுங்கள்.

கடைசி வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, சத்துணவு வரிசையில் நின்ற அந்தக் கொக்குப் பையன் சுவரில் எழுதியிருந்ததைப் படித்தான். "கொ... ண்..." அடுத்த எழுத்தில் நின்றான். அதற்கும் முன்னால் ஒரு கொம்பு. நான் வாயைத் திறக்கவில்லை. விரலால் காற்றில் எதையோ நகர்த்திப் பார்த்தான்.

"டை... கொண்டை... டீச்சர், கொண்டைக்கடலை!"