செகண்ட் லைன்: பின்னால் வருபவர்களின் தாளம்

மார்ச் 2

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பித்தளை பேண்டுகளின் தாளத்துக்கு 'செகண்ட் லைன்' என்று பெயர். டிரம்மில் வாசிக்கும் இரண்டாவது வரி என்று சிலர் பொருள் சொல்கிறார்கள், தவறு. இந்தப் பெயர் முதலில் மனிதர்களைத்தான் குறித்தது. ஊர்வலம் நடத்தும் சங்கத்தாரும் பேண்டும் முதல் வரிசை. இசை கேட்டுத் தெருவில் இறங்கி, குடையும் கைக்குட்டையும் சுழற்றிப் பின்னால் ஆடிவரும் ஜனம் இரண்டாம் வரிசை. அவர்கள் பெயரே ஆட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும் தாளத்துக்கும் ஆகிவந்தது.

அந்தச் சங்கங்கள், கறுப்பின மக்கள் சந்தா போட்டு நோய்க்கும் அடக்கச் செலவுக்கும் உதவிக்கொண்டவை. சாவு ஊர்வலத்தில் இத்தாளம் வேரூன்றியது அதனால்தான்.

மார்ச் 3

கல்லறைக்குப் போகும்போது மெதுவான துக்க இசை. ஸ்னேர் டிரம்மின் அடிக்கம்பிகளுக்கும் தோலுக்கும் நடுவே கைக்குட்டையைச் செருகுவார்கள். சரசரப்பு அடங்கி மொத்தையான ஒலி வரும். உடலை வழியனுப்பியதும் துணியை உருவி, ஒரு உருட்டு. அங்கிருந்து செகண்ட் லைன்.

மார்ச் 9

பாஸ் டிரம் எனும் பெரிய டிரம்மை அதன் கலைஞர் வலக்கைக் கோலால் அடிப்பார். டிரம்மின் மேல்புறம் பொருத்திய சிம்பல் தட்டுக்கு இடக்கை; அதற்குக் கோட் மாட்டும் கம்பியோ ஸ்க்ரூ டிரைவரோ போதும்.

இரண்டு நான்குகளைச் சேர்த்து எட்டாக எண்ணுங்கள். 1, 3, 5, 7-இல் டிரம். 2, 4, 6-இல் சிம்பல். 8-இல் சிம்பலுக்குப் பதிலாக டிரம்மையே ஓங்கி அடிக்க வேண்டும். இரண்டாம் நான்கின் நான்காவது எண்ணிக்கை அது; இதுதான் 'பிக் ஃபோர்'. ஜாஸின் தொடக்ககாலக் கார்னெட் கலைஞர் பட்டி போல்டன் காலத்தது என்பது செவிவழிச் செய்தி. புதியவர்கள் 4-இலும் அதே அழுத்தம் கொடுக்கிறார்கள். அப்போது எட்டு எண்ணிக்கைச் சுற்று நான்காகச் சுருங்கி, வெறும் அணிநடை இசை ஆகிவிடுகிறது.

மார்ச் 10

ஸ்னேருக்கு அடியில் ஓடுவது 3-2 கிளாவே: முதல் பாதியில் மூன்று, அடுத்த பாதியில் இரண்டு என ஐந்து அடிகள் கொண்ட, கியூபாவிலும் கேட்கும் அச்சு. அதே எட்டை இரட்டித்துப் பதினாறாக்கினால்: தகிட தகிட தகதிமி தக தகதிமி. ஒவ்வொரு சொல்லின் முதல் 'த'விலும் அழுத்தம். இடையில் மெல்லிய தட்டல்களும் உருட்டும்.

எழுத்தில் பிடிபடாத இடம் இனிதான். தட்டல்களைச் சமமாக வைத்தால் இயந்திரம். ஜாஸ் போல நீளம்-குறுக்கமாக அசைத்தால் தூங்கும். இரண்டுக்கும் நடுவில் நிற்கவேண்டும். நியூ ஆர்லியன்ஸின் மீட்டர்ஸ் இசைக்குழு டிரம்மர் ஸிகபூ மாடலிஸ்ட் இந்த நடுநிலையைத்தான் ஃபங்க் இசைக்குக் கொண்டுபோனார்.

மார்ச் 16

வேகம் ஏறுவது நிரந்தரத் தொல்லை. பெரும்பாலும் ஸ்னேர்காரர்தான் முந்துவார். சூசஃபோன் (தோளில் சுற்றி மாட்டும் பெரிய பித்தளை ஊதுகருவி) பாஸ் டிரம்மோடு பூட்டி நிற்கட்டும்; ஸ்னேர் அதற்குப் பின்னால் சாய்ந்து வாசிக்கட்டும். நடந்துகொண்டே பழகுங்கள்: 1, 3, 5, 7-இல் பாதம் தரையில் படவேண்டும். உட்கார்ந்து பழகியவர் கை, நடக்கும்போது 8-ஐத் தவறவிடும்.