மொட்டைமாடியில் பனிக்கட்டி உடைத்த கதை

நேற்று மாலை எங்கள் மொட்டைமாடியில் எல்லோருமாகச் சேர்ந்து பனிக்கட்டி உடைத்தோம். விளையாட்டுக்கு அப்படித்தான் பெயராம். செயலாளரின் புது மருமகள் ஏதோ கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறாள். அங்கே புதிதாகச் சேருபவர்கள் கூச்சம் விட்டுப் பழக இதைத்தான் விளையாடச் சொல்வார்களாம். எங்கள் முடிச்சூரில் மார்கழியில்கூடப் பனி ஒழுங்காக விழுவதில்லை. 12 வீடுகள், 18 வருடப் பழக்கம். யார் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடிக்கும் என்பதுவரை எல்லோருக்கும் அத்துப்படி. இதில் உடைக்க என்ன பாக்கி? உடைந்து கிடக்கும் தண்ணீர்க் குழாயை முதலில் ஒட்டவைக்கலாம்.

முதலில், அவரவர் பெயருக்கு முன்னால் அதே எழுத்தில் தொடங்கும் ஒரு குணத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் எழுந்து ‘அமைதியான’ என்று ஆரம்பித்தார். பெயரைச் சொல்ல யாரும் விடவில்லை. மோட்டாரை நிறுத்த வந்த காவலாளிகூட வாயைப் பொத்திக்கொண்டு இறங்கிப்போனார்.

அடுத்து, இரண்டு உண்மை ஒரு பொய். மூன்றையும் கலந்து சொன்னால் மற்றவர்கள் பொய்யைக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் மாடி மாமி, ‘எனக்குச் சர்க்கரை கிடையாது, என் நாட்டுப்பெண் தினமும் போன் செய்கிறாள், பராமரிப்புப் பணத்தை 5ஆம் தேதிக்குள் கட்டிவிடுகிறேன்’ என்றார். சபை இரண்டுபட்டது. மூன்றுமே பொய் என்றது ஒரு கட்சி. பொருளாளர் கணக்கு நோட்டை எடுத்துவர எழுந்ததும், மருமகள் அவசர அவசரமாக மூன்றாவது விளையாட்டுக்குத் தாவினாள்.

அது பிங்கோ. தாளில் 25 கட்டங்கள். ‘விமானத்தில் ஏறாதவர்’, ‘காபி குடிக்காதவர்’ என்று ஒவ்வொன்றுக்கும் ஆளைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். ‘நீச்சல் தெரிந்தவர்’ என்ற கட்டத்தைப் பார்த்ததுமே முழங்கால் வலியை மறந்து இரண்டாம் மாடி சாரிடம் ஓடினேன்.

2015 டிசம்பரில் அடையாறு எங்கள் தெருவுக்குள் வந்தபோது, தரைத்தளத்தில் இருந்த நாங்கள் இதே மொட்டைமாடிக்குத்தான் ஏறினோம். பேத்திக்கு அப்போது எட்டு மாதம். பால் இல்லை. கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கிப் போன மனிதர் மூன்று மணி நேரம் கழித்துத் தலையில் பையோடு வந்தார். உள்ளே நான்கு பாக்கெட். பால் பாக்கெட் 100 ரூபாய்க்கு விற்ற நாள் அது. அன்றிலிருந்து அவர் கல்லூரிக் காலத்து நீச்சல் வீரர் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன். இரண்டு பதக்கங்கள்கூட என் கணக்கில் கொடுத்தாகிவிட்டது.

பேனாவை வாங்காமலே, “எனக்கு நீச்சல் தெரியாதே அக்கா” என்றார்.

“அப்படியானால் அன்றைக்கு?”

“குழந்தை அழுதுகொண்டே இருந்தாளே. காம்பவுண்டுச் சுவர்களைப் பிடித்துக்கொண்டே போய்விட்டேன்.”

அந்தக் கட்டம் கடைசிவரை காலியாகவே கிடந்தது. பரிசாக வைத்திருந்த ஹாட் பாக்ஸ், நான்கு கட்டங்களில் தன் பெயரையே எழுதிக்கொண்ட பொருளாளர் மனைவிக்குப் போனது. மருமகளிடம் முறையிட்டேன். “விளையாட்டுதானே ஆன்ட்டி” என்கிறாள்.

இன்று காலை வத்தக்குழம்பு வைத்து, இரண்டாம் மாடிக்கு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினேன். கிண்ணம் இன்னும் திரும்பி வரவில்லை. ஏற்கெனவே அந்த வீட்டில் என்னுடையது மூன்று இருக்கிறது.