தலைசுற்றலுக்கு உள்காதுச் சோதனை: கண்ணை மட்டும் மூடாதீர்கள்

தலைசுற்றல் உள்காதிலிருந்து வருகிறதா என்று கண்ணசைவைப் பதிவு செய்து பார்ப்பதுதான் இந்தச் சோதனை (VNG). இது கெட்டுப்போவது பெரும்பாலும் முன்தயாரிப்பில்தான். சின்னாரிசின், மெக்லிசின் போன்ற தலைசுற்றலை அடக்கும் மாத்திரைகளை வழக்கமாக 48 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அவை உடலில் இருந்தால் கண்ணசைவு மட்டுப்பட்டு முடிவு குழம்பிவிடும். மதுவும் கூடாது. வலிப்பு, இதயம், ரத்த அழுத்த மாத்திரைகளை மட்டும் மருத்துவர் சொல்லாமல் நிறுத்திவிடாதீர்கள். காதில் அழுக்கு இருந்தால் முதலிலேயே எடுத்துவிட வேண்டும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், தண்ணீருக்குப் பதில் காற்றை வைத்துச் செய்வார்கள். கண்மை, மஸ்காரா வேண்டாம். கேமரா அந்தக் கருப்பைக் கருவிழிப் பாவையென்று எடுத்துக்கொண்டு தடுமாறும்.

அகச்சிவப்புக் கேமரா வைத்த கண்ணாடியை மாட்டி, புள்ளியைப் பின்தொடரச் சொல்வது எளிதான பகுதி. அடுத்து தலையை 45 டிகிரி திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்துத் தலையைச் சற்றுத் தொங்கவிடுவார்கள். உள்காதில் இயல்பாகவே இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள் இடம்மாறியிருந்தால் சில விநாடி கழித்துத்தான் சுற்றல் கிளம்பும். ஒரு நிமிடத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். கழுத்து எலும்பில் கோளாறு இருந்தால் படுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

எல்லோரும் பயப்படுவது காதில் தண்ணீர் விடும் சோதனைக்குத்தான். தலையை 30 டிகிரி உயர்த்திப் படுக்கவைத்து, 30 டிகிரி செல்சியஸ் நீரும் 44 டிகிரி நீரும் ஒவ்வொரு காதிலும் தனித்தனியே, மொத்தம் நான்கு முறை விடுவார்கள். உடல் சூட்டைவிட 7 டிகிரி குறைவு, 7 டிகிரி கூடுதல், அவ்வளவுதான். இந்தச் சூடு மாற்றத்தில் உள்காதுத் திரவம் நகர்வதால், அசையாமல் படுத்திருந்தாலும் அறையே சுழல்வதுபோல் இருக்கும். இதை விளக்கிய காது மருத்துவர் ராபர்ட் பரானிக்கு, உள்காதின் சமநிலை உறுப்பு குறித்த ஆய்வுக்காக 1914-க்கான நோபல் பரிசு கிடைத்தது. சுற்றல் வந்தால் காது வேலை செய்கிறது என்று பொருள். ஆகவே பாதியில் நிறுத்தச் சொல்லாமல் ஒன்றிரண்டு நிமிடம் தாங்கிக்கொள்ளுங்கள். கண்ணை மூடினால் பதிவே கிடைக்காது, மறுபடி விட வேண்டிவரும். நடுவில் ஊர்ப்பெயர் சொல்லுங்கள், கணக்குப் போடுங்கள் என்பார்கள். பேச்சுக் கொடுப்பதற்காக அல்ல. மனம் ஓய்ந்தால் மூளை கண்ணசைவை அடக்கிவிடும், அதற்காக. எனக்கு வெந்நீர்தான் அதிகம் சுற்றியது, பலருக்கும் அப்படித்தான். ஒவ்வொரு முறைக்கும் நடுவே சுமார் ஐந்து நிமிடம் இடைவெளி கேட்டு வாங்குங்கள். அவசரப்பட்டால் முந்தைய சுற்றல் அடுத்த கணக்கில் கலந்துவிடும்.

அறிக்கையில் இரு காதுக்கும் உள்ள வித்தியாசம் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். சுமார் 25-ஐத் தாண்டினால் ஒரு பக்கம் பலவீனம் என்று எடுத்துக்கொள்வார்கள். எல்லை ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று மாறும். தண்ணீர் விடும் சோதனை, உள்காதில் தலை அசைவை உணரும் குழாய்களில் முக்கியமாகக் கிடைமட்ட அரைவட்டக் குழாயைத்தான் பார்க்கிறது. எனவே 'நார்மல்' என்று வந்தும் தள்ளாட்டம் இருந்தால், தலையைச் சட்டென்று திருப்பிப் பார்க்கும் உந்துச் சோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். திரும்பும்போது வண்டியை நீங்கள் ஓட்டாதீர்கள்; துணைக்கு ஒருவர் வரட்டும்.