இரண்டு கப்பல்களும் சேர்ந்து போன வருடம்

விண்டர் ஃப்ளவுண்டர் என்ற தட்டை மீனுக்காக ஒரு வரைபடம் போட்டிருந்தேன். 1963-இல் தொடங்கி இன்றுவரை, ஒரு முறை வலை இழுத்தால் சராசரியாக எத்தனை மீன் என்று ஒரே கோடு. என் ஆய்வு வழிகாட்டி அதைப் பார்த்துவிட்டு, பென்சிலால் 2008-க்கும் 2009-க்கும் நடுவில் செங்குத்தாக ஒரு கோடு இழுத்தார். "இந்தப் பக்கம் ஒரு கப்பல், அந்தப் பக்கம் வேறு கப்பல். இரண்டையும் எப்படி ஒட்டினாய்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அன்று தொடங்கியதுதான், இன்னும் அதிலேயே இருக்கிறேன்.

அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில், கேப் ஹேட்டரஸ் முதல் மெய்ன் வளைகுடா வரை, 1963 முதல் இலையுதிர் காலத்திலும் 1968 முதல் வசந்தத்திலும் இழுவலைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பெரும்பாலும் அதைச் செய்தது ஆல்பட்ராஸ் 4 என்ற கப்பல். 2009 முதல் ஹென்றி பி. பிகலோ. படியை மாற்றிவிட்டு அளந்தால் நெல் கூடியதா, படி சிறுத்ததா என்று யார் சொல்வது?

இங்கே படி மட்டுமல்ல, அளக்கும் விதமே மாறிவிட்டது. பழைய கப்பல் 3.8 நாட் (மணிக்கு 3.8 கடல் மைல்) வேகத்தில் அரை மணி நேரம் வலை இழுக்கும், ஏறக்குறைய 1.9 கடல் மைல். புதியது 3 நாட் வேகத்தில் 20 நிமிடம், சரியாக 1 கடல் மைல். தூரம் பாதிதான். ஆனால் பல இனங்களில் புதிய கப்பலுக்கே மீன்பாடு அதிகம்! வலையே வேறு, அதன் வாய் இன்னும் உயரமாகத் திறக்கும், கப்பலும் சத்தம் குறைவாகக் கட்டப்பட்டது. இதில் எது எவ்வளவு என்று தனித்தனியாகப் பிரிப்பது கடினம். மொத்த வித்தியாசத்தைத்தான் அளக்க முடியும்.

அதை 2008-இல் அளந்தார்கள். இரண்டு கப்பல்களும் பக்கத்துப் பக்கத்தில், வசந்தம், கோடை, இலையுதிர் என்று மூன்று பருவங்களிலும், மொத்தம் 636 ஜோடி இழுவைகள். அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை வருகிறது. இரவு பகலாக, இரண்டு கப்பல்களின் மேல்தளங்களிலும், ஒவ்வொரு மீனையும் இனம் பிரித்து எடை போட்டிருக்கிறார்கள்.

கணக்கு அதற்கப்புறம்தான். ஓர் இடத்தில் இரண்டு கப்பல்களுக்கும் சேர்த்து 100 மீன் கிடைத்தது என்றால், அதில் புதிய கப்பலின் பங்கு எவ்வளவு? ஒவ்வொரு மீனையும் தனித்தனி நாணயச் சுண்டலாக எண்ணினால் விடை பொய்யான உறுதியோடு வரும். மீன்கள் கூட்டமாகத் திரிபவை. ஒரு கூட்டம் ஒரு வலையில் சிக்கும், அரை மைல் தள்ளி இன்னொரு வலை வெறுமையாக வரும். ஆகவே அந்தப் பங்கே இடத்துக்கு இடம் மாறும் என்று வைத்துக்கொள்ளும் பீட்டா-பைனாமியல் மாதிரியைப் பயன்படுத்தினார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

காட் மீனில் இன்னொரு சிக்கல். குட்டி மீன்களில் இரண்டு கப்பல்களுக்கும் வித்தியாசம் மிக அதிகம், பெரியவற்றில் குறைவு. புதிய கப்பலின் மீன்பாட்டைப் பழையதன் அளவுக்குக் கொண்டுவர ஓர் எண்ணால் வகுப்பார்கள், அதுதான் மாற்று எண். மொத்தத்துக்கும் ஒரே மாற்று எண்ணால் வகுத்தால், குட்டிகள் நிறைய வந்த வருடத்தில் கணக்கு தப்பும். அதனால் நீளவாரியாக வகுக்கிறார்கள். நியூ பெட்ஃபோர்ட், க்ளௌஸ்டர் போன்ற அந்தக் கரையின் மீன்பிடித் துறைமுகங்களில் படகுக்காரர்கள் எவ்வளவு பிடிக்கலாம் என்ற ஒதுக்கீட்டுக்குப் பின்னால் இந்த வகுத்தலும் நிற்கிறது. அந்த எண்ணை அலட்சியமாக எடுத்துப் போட எனக்கு இப்போது மனம் வராது.

மாற்று எண்ணே உதவாத இடமும் உண்டு. புதிய கப்பலுக்கு ஆழம் அதிகம் வேண்டும், கரையோர ஆழமற்ற பகுதிகளுக்கு அது போவதில்லை. போகாத இடத்தை எதனால் பெருக்குவது?

புதிய கப்பலின் வலைக்கு அடியில் தட்டை மீன்கள் எவ்வளவு நழுவுகின்றன என்று பின்னர் ஒரு வணிக மீன்பிடிக் கப்பலில் இரட்டை வலை கட்டி அளந்தார்கள். அந்தக் கேள்விக்குத் திரும்பப் போக வழி இருந்தது. ஆல்பட்ராஸ் 4-க்கு அது இல்லை. 2008 நவம்பரில் அதை ஓய்வுக்கு அனுப்பிவிட்டார்கள். எப்போதாவது வலையில் வரும் இனம் எதையாவது தேடி அந்த 636 ஜோடிகளுக்குள் போகிறேன். ஆறேழு வரிகளில் மட்டும் எண் இருக்கும், மற்றதெல்லாம் இரண்டு பக்கமும் பூஜ்யம். அந்த ஆறேழு வரிகளை வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும்.