மூன்று நிமிடம், ஒரு மைக்

நியூ ஜெர்சியில் கட்டும் சொத்து வரியில் சராசரியாகப் பாதிக்கு மேல் பள்ளிக்கூடங்களுக்கே போகிறது. காவேரிப்பட்டணம் பக்கத்து எங்கள் கிராமத்தில் வீட்டு வரி ரசீதை அப்பா அலமாரியில் செருகி வைப்பதோடு சரி. இங்கே அந்தப் பணம் எங்கே போகிறது என்று டவுனின் பள்ளிகளை நடத்தும் ஸ்கூல் போர்டைக் கூட்டத்தில் வைத்தே கேட்கலாம். போர்டு உறுப்பினர்கள் தேர்தலில் ஜெயித்து வருகிறவர்கள், சம்பளம் கிடையாது. பேச வருபவருக்கு எங்கள் டவுனில் மூன்று நிமிடம். ஓட்டு இல்லாத எச்1பி விசாக்காரன் பேசலாமா என்று தயங்கினேன். பெயரையும் தெருவையும்தான் கேட்டார்கள்.

வழக்கமாக வருவது ஓய்வுபெற்ற நாலைந்து பேர்தான். நம் ஆட்களைக் கூட்டத்துக்கு வரவைத்தது பள்ளி பஸ் பிரச்சினை. எட்டாம் வகுப்பு வரை வீடு 2 மைலுக்கு அப்பால், அதற்கு மேல் படித்தால் 2.5 மைலுக்கு அப்பால் இருந்தால்தான் பஸ் விடுவது சட்டப்படி கட்டாயம். அதற்குள் இருப்பவர்களுக்கு விடுவது சலுகை. வரி வசூலை வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் கூட்டச் சட்டம் லேசில் விடாது. சம்பளமும் மருத்துவ இன்சூரன்ஸும் அதைத் தாண்டி ஏறுகின்றன. ஆகவே சலுகை பஸ்ஸில் கை வைத்தார்கள்.

பாலக்கோட்டு அக்கா ஒருவர் மைக் முன்னால் போய், நடைபாதையே இல்லாத ரோட்டோரத்தில் பனி குவிந்து கிடக்கும் படத்தைக் காட்டி, "என் பையன் இதில் எங்கே நடப்பான்?" என்று கேட்டார். அரை நிமிடம் ஆகியிருக்காது. கடைசியில், கட்டணம் கட்டினால் பஸ் உண்டு என்று முடித்தார்கள். பாதி வெற்றி.

அப்புறம் சோனிங் போர்டு, எந்த மனையில் என்ன கட்டலாம் என்று பார்க்கும் குழு. காலி மனையில் அபார்ட்மெண்ட் கட்ட ஒருவர் மனு போட்டார். 200 அடிக்குள் வீடு உள்ளவர்களுக்கு விசாரணைக்கு 10 நாள் முன்பே கடிதம் வரவேண்டும், எனக்கும் வந்தது. அதே அக்கா, அதே குழு, இம்முறை எதிர்ப்புக்கு. பள்ளியில் இடம் போதாது என்றார்கள். பிள்ளைகள் கூடுவதை வைத்து மனுவை மறுக்க முடியாது என்று போர்டின் வக்கீல் சொல்லிவிட்டார். வசதி குறைந்தவர்களுக்கும் வளரும் டவுன்கள் இடம் தரவேண்டும் என்பது இங்கே 1975-இலேயே மவுண்ட் லாரல் வழக்கில் வந்த தீர்ப்பு. "வந்த புதிதில் நாமும் அபார்ட்மெண்டில்தானேக்கா இருந்தோம்?" என்றேன். "அது வேற தம்பி."

லீவில் ஊருக்குப் போனபோது அந்தக் கடிதத்தைப் பற்றிச் சித்தப்பாவிடம் சொன்னேன். முன்னாள் வார்டு உறுப்பினர்.

"பக்கத்துத் தோப்புல மாமரத்த வெட்டி லேஅவுட் போட்டாங்களே, டிடிசிபி அப்ரூவ்டுன்னு போர்டு வெச்சப்புறம்தான்டா எங்களுக்கே தெரியும்" என்றார்.

வருஷத்துக்கு ஆறு கிராம சபை உண்டு, அதில் கேட்கலாமே என்றேன். தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்றார். 2025 ஜனவரியில் ஊராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் வந்தபின் அதிலும் சுவாரசியம் போய்விட்டதாம்.

"அங்க மூணு நிமிஷம் பேசினா கேக்கறாங்களா?"

"கேட்டுட்டு அவங்க நெனச்சதையும் செய்வாங்க சித்தப்பா. ஆனா ஒவ்வொருத்தர் பேரா கூப்பிட்டு ஓட்டு வாங்குவாங்க. யார் என்ன சொன்னாங்கன்னு நோட்டுல ஏறிடும்."

அபார்ட்மெண்ட் மனு இன்னும் நடக்கிறது. அடுத்த விசாரணையில் ஆதரித்துப் பேசலாம் என்றிருக்கிறேன். வாட்ஸ்அப் குழுவில் இன்னும் சொல்லவில்லை.