ரீ-டெஸ்ட் கேட்கத் தெரிந்தவர்கள்

சேலத்தில் ஒரு கலைக் கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். போனஃபைடு, டிசி, ஸ்காலர்ஷிப் ஃபார்ம் எல்லாம் என் ஜன்னல் வழியாகத்தான் போகும். 75 சதவீத வருகைப்பதிவு, கட்டணத்துக்குக் கடைசித் தேதி மாதிரி எழுதி ஒட்டிய விதிகளில் பிள்ளைகள் அதிகம் மாட்டுவதில்லை. எங்கேயும் எழுதாத விஷயங்களில்தான் மாட்டுகிறார்கள், அதிலும் வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்கு வருகிறவர்கள்.

கல்லூரிக்குள்ளேயே டெஸ்ட் வைத்துப் போடும் இன்டர்னல் மதிப்பெண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். 100-க்கு 25 மதிப்பெண் அதில் இருக்கிறது. டெஸ்ட் அன்று வர முடியவில்லை என்றால், ஒரு லெட்டர் எழுதிக்கொண்டு போய்த் துறைத்தலைவரிடம் நேரில் கேட்டால் பெரும்பாலும் திரும்ப வைப்பார்கள். எந்த நோட்டீஸ் போர்டிலும் இது கிடையாது. அப்பா வாத்தியாராகவோ அக்கா டிகிரி முடித்தவராகவோ இருக்கிற பிள்ளைகள் மறுநாள் காலையிலேயே லெட்டரோடு நிற்பார்கள். ஏற்காட்டுக்கு அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து வரும் மலையாளிப் பிள்ளைகள் (கேரளம் இல்லை, சேர்வராயன் மலைப் பழங்குடியினர்) அப்படி வந்து கேட்கமாட்டார்கள். நவம்பர் வாக்கில் அங்கே காப்பிப் பழம் பறிப்பு தொடங்கிவிடும், வீட்டுக்கு இன்னொரு ஆள் கூலி தேவை, இங்கே மாடல் டெஸ்ட், பருவத் தேர்வு எல்லாமே அந்தச் சமயத்தை ஒட்டித்தான் வரும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையில் ராத்திரி வேலை முடித்துவிட்டு வரும் பையன்களும் இப்படித்தான், டெஸ்ட் போனது போனதுதான் என்று பேசாமல் இருந்துவிடுவார்கள். வாத்தியாரிடம் போய் இன்னொரு தடவை வையுங்கள் என்று கேட்பது மரியாதை இல்லை என்று வளர்ந்தவர்கள். ஸ்டாஃப் ரூமிலோ அதையே 'அக்கறை இல்லாத பசங்க' என்று சொல்லி முடித்துவிடுவார்கள்.

மதிப்பெண் பட்டியலில் முட்டை வாங்கியிருந்த ஒரு பையனிடம், ஏம்ப்பா போய்க் கேட்கவில்லை என்றேன். "கேட்கலாங்களா சார்?" என்றான். இரண்டாம் ஆண்டு படிக்கிறவன்!

அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு மாதம் 1000 ரூபாய் வருகிறது, பெண்களுக்கு 2022-லிருந்து புதுமைப் பெண், பையன்களுக்கு 2024-லிருந்து தமிழ்ப் புதல்வன். நல்ல காரியம்தான், பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் ஆகும். ஆனால் டிபார்ட்மெண்ட் விழாவுக்கு வசூல், செமினார் அன்றைக்கு ஷூ, டூருக்கு வராதவர்களைப் பார்க்கிற பார்வை, இதற்கெல்லாம் எந்த அரசாணையும் கிடையாது. முதல் நாள் கூட்டத்தில் ஒழுக்கம், ராகிங் என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். ஸ்டாஃப் ரூமுக்குள் வந்து சந்தேகம் கேட்கலாம் என்று மட்டும் ஒருத்தரும் சொல்வதில்லை.

இந்த வருஷம் ஒரு மேடம் முதல் வகுப்பிலேயே ரீ-டெஸ்ட்டுக்கு யாரிடம், எத்தனை நாளுக்குள், எப்படி எழுதிக் கேட்பது என்று போர்டில் எழுதிப் போட்டுவிட்டார். இப்படிச் சொல்லிக் கொடுத்தால் எல்லாரும் வந்து நிற்பார்களே என்று மற்றவர்களுக்குச் சலிப்பு. பாதிப் பேர் ஏற்கெனவே வந்து நின்றுகொண்டுதான் இருந்தார்கள், அப்போது யாரும் சலித்துக்கொள்ளவில்லை.