பீட்ரூட் இல்ல, ரத்தம்

"நேத்து பீட்ரூட் பொரியல் சாப்ட்டேன்ல, அதான்டா மோஷன் செவப்பா போகுது"ன்னு சொல்லிட்டே அம்மா சுவெட்டர் நுனிய இறுக்கிப் புடிச்சிருந்தாங்க.

பாத்ரூம்ல போய் பாத்தேன். கட்டி கட்டியா ரத்தம்.

விடிகாலைல இடது பக்க அடிவயித்துல திடீர்னு புடிச்ச வலியாம், ஓமத்தண்ணி குடிச்சிட்டு எங்கிட்ட சொல்லாம படுத்திருக்காங்க, எந்திரிச்சா தலை வேற சுத்துது. மூலம்னா வயிறு இப்படி வலிக்காதேன்னு 108-க்கு அடிச்சிட்டேன். கோத்தகிரி மூடுபனில ஹாரன் சத்தம்தான் முதல்ல வந்துச்சு.

பெருங்குடலுக்கு ரத்த ஓட்டம் குறைஞ்சிருக்காம், வயசானவங்களுக்கு வருமாம். வலியோட ரத்தம் போறது, மயக்கம், காய்ச்சல், வயிறு கல்லாட்டம் ஆகுறது, தார் மாதிரி கருப்பா போறது, எதுவா இருந்தாலும் உடனே வரணும்னு டாக்டர் சொன்னாரு. (அயர்ன் மாத்திரை போட்டாலும் கருப்பா போகும், அது வேற.)

இப்ப ட்ரிப்ஸ் ஏறுது. "பாத்தியில மிச்ச பீட்ரூட்ட யாருடா புடுங்குறது"ங்குறாங்க.